புழுக்கத்தில் ஓர் உடல்

(சிதம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வெப்ப இரத்த விலங்குகளைப் பற்றி எந்தப் பாடநூலைப் பிரித்தாலும் பனிக்கரடியும் பெங்குவினும் முதலில் வந்து நிற்கும். அதற்குக் காரணம் உண்டு. இந்தத் துறையைக் கட்டி எழுப்பியவர்களில் பெரும்பாலோர் குளிர்நாட்டவர். உடம்பில் உண்டாகும் சூட்டை எப்படிக் கட்டிக் காப்பது என்பதே அவர்கள் கண்முன் இருந்த கேள்வி. 1950இல் உடலியலாளர் ஷோலாண்டரும் அவருடைய தோழர்களும் அலாஸ்காவின் பாயின்ட் பாரோவில் பனிநாட்டு விலங்குகளை ஆராய்ந்து, பனாமாக் காட்டு விலங்குகளோடு ஒப்பிட்டார்கள். அடர்ந்த ரோமம் கொண்ட ஆர்க்டிக் நரி, மைனஸ் 30 டிகிரிக் குளிரிலும் கூடுதலாகத் தீனி எரிக்காமல் சுகமாக இருக்கிறது என்று காட்டினார்கள். அருமையான ஆய்வுதான். நானும் பல ஆண்டுகள் அதை உற்சாகத்தோடு வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் கிள்ளையிலிருந்து கூடையோடு பஸ் ஏறும் மீன்கார அம்மாவுக்கும், புவனகிரிப் பக்கம் எருமை வளர்ப்பவருக்கும் பிரச்சினை நேர் எதிரானது. அவர்கள் உடம்பும் அவர்கள் மாட்டின் உடம்பும் ஆண்டில் பாதி நாள் சூட்டை வெளியேற்ற வழி தேடிக்கொண்டிருக்கின்றன. அந்த வழி எதில் இருக்கிறது, எங்கே அடைபடுகிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் சின்னக் கணக்கு ஒன்று. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறார். இந்த அரங்கில் 200 பேர் இருந்தால் 20,000 வாட். மண்வெட்டி பிடித்து வேலை செய்தால் ஒருவரிடமிருந்தே 300, 400 வாட் கிளம்பும். சும்மா இருப்பவரின் அந்த 100 வாட்கூட வெளியே போக முடியாமல் உள்ளேயே தங்கிவிட்டால், 70 கிலோ எடையுள்ளவருக்கு முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு டிகிரி ஏறிவிடும். 37இல் தொடங்கியவர், உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருந்தாலும், நான்கு மணி நேரத்துக்குள் 42ஐத் தொடுவார். அதற்குமேல் மூளை தாங்காது. நாம் உயிரோடிருப்பது ஒவ்வொரு நிமிடமும் வெப்பத்தைக் கொட்டித் தீர்ப்பதால்தான்.

கொட்டித் தீர்க்க நான்கு வழிகள் இருப்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். தொட்டுக் கடத்துவது, காற்று அடித்துக்கொண்டு போவது, கதிராக வீசுவது, நீர் ஆவியாவது. முதல் மூன்றும் சுற்றுப்புறம் தோலைவிடக் குளிர்ந்திருந்தால்தான் உதவும். வெயில் காலத்தில் தோலின் சூடு 35 டிகிரி அளவில் இருக்கும். காற்று அதைத் தாண்டிவிட்டால் மூன்று வழிகளும் திசை திரும்பி வெப்பத்தை நம்முள் கொண்டுவந்து சேர்க்கும். மிஞ்சுவது நீர் ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை முழுதாகத் தோலில் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். நன்கு பழகிய உடல் கடும் உழைப்பில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும். ரோமம் உதிர்ந்த தோலும், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகளும் கொண்ட மனிதனுக்கு ஈடாக இந்த வேலையைச் செய்யும் பாலூட்டிகள் மிகச் சிலவே. குதிரை அவற்றில் ஒன்று.

வியர்வையின் இந்தச் சக்தியை ஐரோப்பியர்கள் வியந்து பார்த்த கதை ஒன்று உண்டு. 1774இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர், சூடேற்றிய அறைக்குள் நண்பர்களோடு நுழைந்தார். நண்பர்களில் ஒருவர், கேப்டன் குக்கோடு கடல் பயணம் போய்வந்த ஜோசப் பேங்க்ஸ். அறையின் சூட்டைப் படிப்படியாக ஏற்றி, ஒரு கட்டத்தில் 260 ஃபாரன்ஹீட், அதாவது 127 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோனார்கள். கூடையில் வைத்து ஒரு நாயையும் உள்ளே கொண்டுபோனார்கள். தரைச் சூட்டில் அதன் கால் வெந்துவிடக் கூடாதல்லவா? அதே அறையில் முட்டை கெட்டியாயிற்று, இறைச்சி வெந்தது. மனிதர்களும் நாயும் நலமாக வெளியே வந்தார்கள். உயிருள்ள உடல் தன்னைத்தானே குளிர்விக்கிறது என்பதற்கு அதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த அறையின் காற்று உலர்ந்திருந்தது. அதுதான் கதையின் முடிச்சு.

முடிச்சை அவிழ்த்தவர் ஜே. எஸ். ஹால்டேன். சுரங்கத் தொழிலாளர்களின் மூச்சையும் சூட்டையும் ஆராய்வதில் வாழ்நாளைக் கழித்தவர். கார்ன்வால் பகுதியின் ஆழமான சுரங்கங்களில் இறங்கி அளந்து, 1905இல் எழுதினார்: உடல் தாங்குமா என்பதைச் சாதாரண வெப்பமானி சொல்லாது, ஈரக்குமிழ் வெப்பமானிதான் சொல்லும். ஈரக்குமிழ் என்பது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி. துணியிலிருந்து நீர் ஆவியாக ஆவியாகக் குமிழ் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை, குமிழ் குளிராது. ஹால்டேன் கணக்குப்படி, காற்று அசையாத இடத்தில் அது 88 ஃபாரன்ஹீட்டை, அதாவது 31 டிகிரியைத் தாண்டினால், சட்டையில்லாமல் சும்மா இருப்பவருக்கும் உடல் சூடு ஏறத் தொடங்கும். காற்று வீசினால் எல்லை கொஞ்சம் உயரும். 2010இல் ஷெர்வுட், ஹூபர் என்ற காலநிலை ஆய்வாளர்கள் ஈரக்குமிழ் 35 டிகிரி என்று ஒரு கோட்பாட்டு எல்லையைச் சொல்ல, அது செய்தித்தாள்களில் பிரபலமாயிற்று. 2022இல் அமெரிக்காவில் இளைஞர்களைச் சோதனை அறைக்குள் வைத்துப் பார்த்தபோது, ஈரமான காற்றில் சூடு ஏறத் தொடங்கியது ஏறத்தாழ 31இல். ஹால்டேன் நூறாண்டுகளுக்கு முன்பு சுரங்கத்தில் கண்ட அதே எண்.

இதை விளங்கவைக்க எனக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. நெய்வேலி இருக்கிறது. மந்தாரக்குப்பம் பக்கம் போகும்போது பழுப்பு நிலக்கரி எரித்து மின்சாரம் செய்யும் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். இடுப்புச் சிறுத்த அந்தப் பெரிய கோபுரங்களின் தலையிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவதைப் புகை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது நீராவி குளிர்ந்து உண்டாகும் நுண்துளிகள். சூடான நீரை உள்ளே மழையாகப் பொழியவிட்டு, கீழிருந்து ஏறும் காற்றில் அதில் சிறு பங்கை ஆவியாக்கி, மீதி நீரைக் குளிர்விக்கிறார்கள். அந்த நீரை எவ்வளவு குளிர்விக்க முடியும்? அன்றைய காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை வரைதான். அதற்குக் கீழே எவ்வளவு பெரிய கோபுரம் கட்டினாலும் போகாது. பொறியாளர்கள் கோபுரத்தை வடிவமைக்கும்போது முதலில் கேட்கும் எண் அது. இயந்திரத்துக்குக் கேட்கிறோம், இயந்திரத்தின் பக்கத்தில் வேலை செய்பவருக்குக் கேட்பதில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கத்திரி வெயிலில், அதாவது மே 4 முதல் 28 வரை, வேலூர், திருத்தணி என்றுதான் செய்திகளில் அடிபடும். கடலூர், பரங்கிப்பேட்டையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வந்துவிடும், வெப்பமானி அவ்வளவாக ஏறாது. கடற்கரைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று உள்நாட்டுக்காரர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 42 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 25 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் சுமார் 26. வெறும் 34 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் 30. எட்டு டிகிரி குறைவாகக் காட்டும் ஊரில்தான் உடல் ஹால்டேன் எல்லையை நெருங்கி நிற்கிறது. உள்நாட்டில் வெக்கை, இங்கே புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, முகத்திலிருந்து வியர்வை சொட்டுகிறது. சொட்டும் வியர்வை எதையும் குளிர்விக்காது. தோலில் ஆவியானால்தான் பயன். தரையில் விழுந்ததெல்லாம் வீணான நீர், வீணான உப்பு. கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்தாலும், அதன் வீச்சினால்தான் நாம் தப்பிக்கிறோம். அது வராத நாளில், அல்லது காற்றுப் புகாத தகரக் கொட்டகைக்குள், நிலைமை மாறிவிடும்.

வியர்க்காத உயிர்கள் இந்த ஊரில் என்ன செய்கின்றன என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச அனுமதி கொடுங்கள்.

நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டும் கொஞ்சம். மற்றதெல்லாம் மூச்சிரைப்பில். நிமிடத்துக்கு 300 முறைக்குமேல் இரைக்கும். அப்படி இரைத்தால் அந்த உழைப்பிலேயே சூடு ஏற வேண்டாமா? ஏறுவதில்லை. நாயின் மார்புக்கூட்டுக்கு இயல்பாகவே ஓர் அதிர்வெண் உண்டு. அந்தக் கதியில் இரைத்தால் தசைக்கு அதிக வேலை இல்லை. நாய் இரைத்தால் அந்தக் கதியில் இரைக்கும், இல்லாவிட்டால் சாதாரணமாக மூச்சுவிடும். இரண்டுக்கும் நடுவில் அதிகம் தங்காது. காற்றும் நுரையீரலின் ஆழத்துக்குப் போகாமல் மூக்கிலும் நாக்கிலும் போய்வருவதால், இரத்தத்தின் கரியமில வாயு பெரிதாகக் குறைந்துபோவதில்லை.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பியே இல்லை. உடல் சூடோ 40, 41 டிகிரி. நடுப்பகலில் மின்கம்பியில் உட்கார்ந்து வாயைப் பிளந்திருக்கும் காகத்துக்குத் தாகம் என்று நாம் நினைக்கிறோம். அது ஈரத்தை ஆவியாக்கிக்கொண்டிருக்கிறது. பிச்சாவரத்தில் படகில் போகும்போது சுரபுன்னைக் கிளையில் நீர்க்காகத்தைப் பார்த்தால் அதன் தொண்டையைக் கவனியுங்கள். தாடைக்குக் கீழே தொங்கும் தோலைப் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். மார்பு முழுவதையும் அசைக்காமல் அந்த மெல்லிய ஈரத்தோலை மட்டும் விசிறுவது சிக்கனமான ஏற்பாடு. நாரைகள் செய்வது கொஞ்சம் கூச்சமான சங்கதி. தம் கழிவைத் தம் கால்மேலேயே பீச்சிக்கொள்ளும். நீர்த்த கழிவு ஆவியாகிக் காலைக் குளிர்விக்கும். இறகில்லாத காலில் ஓடும் இரத்தம் குளிர்ந்து உடம்புக்குத் திரும்பும். ஃபிலிப் கால் என்பவர் 1963இல் அமெரிக்க நாரையில் இதை ஆராய்ந்து எழுதினார். நம் நத்தைகுத்தி நாரையின் காலில் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளைப்பூச்சு தெரிந்தால் அசுத்தம் என்று முகம் சுளிக்காதீர்கள்.

ஆள்காட்டிக் குருவி இன்னும் ஒரு படி மேல். நிழலே இல்லாத வெட்டவெளியில் தரையிலேயே முட்டையிடும். கூட்டில் உட்கார்வது முட்டைக்குச் சூடு கொடுக்க என்று படித்திருக்கிறோம். மே மாத நண்பகலில் அது உட்கார்வது முட்டை வெந்துபோகாமல் நிழல் தருவதற்கு. அது போதாதபோது அருகிலுள்ள நீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைமேல் அமரும்.

பழந்தின்னி வௌவால்கள் பகலில் உயர்ந்த மரங்களில் தொங்கும்போது இறக்கையால் விசிறிக்கொள்வதையும், உடம்பை நக்கி எச்சிலால் ஈரமாக்கிக்கொள்வதையும் பார்க்கலாம். அதற்கும் எல்லை உண்டு. 2014 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்தில் ஒரே வெப்ப நாளில் 45,000க்கும் மேற்பட்ட பழந்தின்னிகள் செத்து விழுந்தன.

எருமையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மாவட்டத்துக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். கறுத்த தோல் வெயிலை உறிஞ்சும், ரோமம் குறைவு, வியர்வைச் சுரப்பிகளோ நாட்டு மாட்டைவிட மிகக் குறைவு. வெயிலில் கட்டிப்போட்டால் மாட்டைவிட வேகமாகச் சூடேறும், தண்ணீரில் விட்டால் மாட்டைவிட வேகமாகக் குளிரும். கரையேறிய பிறகும் உடம்பில் அப்பிய சேறு காயும்வரை குளிர்ச்சி தொடர்கிறது. குட்டையை நம்பிப் படைக்கப்பட்ட உடம்பு அது. ஊர்க்குட்டையைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பும்போது எருமையின் வியர்வைச் சுரப்பியைத்தான் பிடுங்குகிறோம். பிறகு கோடையில் சினைக்கு வரவில்லை, கறவை குறைந்துவிட்டது என்று கால்நடை மருத்துவரிடம் போகிறோம்.

கலப்பினப் பசுக்களின் கதை வேறு. ஹோல்ஸ்டீன் வட ஐரோப்பிய இனம். நிறையப் பால் கறக்கும் மாடு நிறையத் தின்று, நிறைய வெப்பம் உண்டாக்கும் மாடு. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒன்று உண்டு. அது 72ஐத் தாண்டினால் இந்த இனத்தில் பால் குறையத் தொடங்கும் என்பது நெடுநாள் கணக்கு. 25 டிகிரியும் 50 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தாலே அந்த எண் வந்துவிடும். நம் கடற்கரையில் தை மாதப் பகலிலும் அதற்குக் குறைவது அரிது. இந்த மாடுகளை இங்கே கொண்டுவந்ததைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ குடும்பங்களின் பள்ளிக்கட்டணம் அதிலிருந்து வருகிறது. ஆனால் கொட்டகைக்குத் தகரம் போடுவதை மட்டுமாவது நிறுத்தலாம். கீற்றுக்கொட்டகையும் மரநிழலும் எவ்வளவோ மேல். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோது, நாம் விளைச்சல் இழப்பை மட்டும் கணக்கெடுத்தோம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆளுக்கும் நிழல் போனது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

கடல் உயிரியலுக்குப் பேர்பெற்ற பரங்கிப்பேட்டை பக்கத்திலேயே இருக்கும்போது மீனைத் தொடாமல் போகக் கூடாது. மீன் குளிர் இரத்தப் பிராணி என்பது பாடம். கடலூர்த் துறைமுகத்தில் இறங்கும் சூரை அந்தப் பாடத்துக்கு அடங்காது. இலங்கையில் இராணுவ மருத்துவராக இருந்த ஜான் டேவி என்ற ஆங்கிலேயர், போன இடத்திலெல்லாம் மனிதர், விலங்கு என்று பாராமல் வெப்பமானி வைத்துப் பார்த்தவர். கடல் நீர் 80.5 ஃபாரன்ஹீட் இருந்தபோது சூரை இன மீன் ஒன்றின் உடம்பு 99 காட்டியதாக 1835இல் எழுதினார். பத்து டிகிரி செல்சியஸ் அதிகம். ஓயாமல் நீந்தும் தசையில் உண்டாகும் சூட்டை, உள்ளே போகும் தமனியும் வெளியே வரும் சிரையும் நெருக்கமாகப் பின்னிய ஒரு வலை திருப்பி உள்ளேயே அனுப்பிவிடுகிறது. சூடு செவுள் வழியே கடலுக்குப் போவதில்லை. வெப்ப இரத்தம், குளிர் இரத்தம் என்று கோடு கிழிப்பது நம் வசதிக்கு.

இனி, இந்த வேலையை யார் மேற்பார்க்கிறார் என்ற கேள்வி. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ். தோலிலிருந்தும் ஆழத்திலிருந்தும் வரும் சேதியைப் பார்த்து, இரத்த நாளத்தை விரிக்கவா சுருக்கவா, வியர்க்கவா நடுங்கவா என்று அது முடிவு செய்கிறது. காய்ச்சலில் நடப்பது இந்த அலுவலகத்தில் இலக்கை மாற்றி எழுதுவது. கிருமி வந்தால் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் மூளையில் கூடி, 37க்குப் பதில் 39 என்று இலக்கை உயர்த்துகிறது. உடம்பு 37இல்தான் இருக்கிறது, இலக்கோ 39. ஆகவே மூளைக்கு உடம்பு குளிர்ந்துபோனதாகப் படுகிறது. பல் கிட்டுகிறது, போர்வை கேட்கிறோம். பாராசிட்டமால் அந்தப் பொருளைக் குறைத்து இலக்கைக் கீழே இறக்குகிறது, பிறகு வியர்த்துக் கொட்டுகிறது.

வெயில் தாக்கி விழுந்தவரிடம் இலக்கு மாறவில்லை. 37 என்ற இலக்கு அப்படியே இருக்க, வெப்பத்தைக் கொட்டும் வழி அடைபட்டதால் 40ஐத் தாண்டிவிட்டார். அவருக்குப் பாராசிட்டமால் கொடுப்பதில் பயனில்லை, கெடுதலும் வரலாம். அவர் உளறினாலோ நினைவு தடுமாறினாலோ 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தித் துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மோரும் இளநீரும் நினைவோடு இருப்பவருக்கு.

"எங்களுக்கு இதெல்லாம் பழகிப்போச்சுங்க" என்று கழனியில் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஒன்றிரண்டு வாரம் வெயிலில் உழைத்தால் இரத்தத்தின் நீரளவு கூடுகிறது, வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, வியர்வையோடு போகும் உப்பு குறைகிறது. யாஸ் குனோ என்ற ஜப்பானிய உடலியலாளர், வெப்பநாட்டில் வளர்ந்தவர்களுக்கு வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகள் அதிகம் என்றும், அந்த எண்ணிக்கை குழந்தைப் பருவத்தின் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே நிலைத்துவிடுகிறது என்றும் கண்டார். ஆனால் பழக்கத்தால் வியர்வையைக் கூட்டலாமே தவிர, ஈரக்காற்றில் அதை ஆவியாக்க எந்தப் பழக்கத்தாலும் முடியாது. கூடுதலாக வியர்த்துச் சொட்டவிட்டால் நீரிழப்பு கூடும். சுமை சிறுநீரகத்தில் இறங்கும். தமிழ்நாட்டில் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பார்த்த ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வு 2023இல் வெளியானது. மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்தார்கள்; சிலருக்குச் சிறுநீரகச் செயல் குறைந்திருந்தது. இதில் பெண்களின் நிலை தனி. வேலையிடத்தில் கழிப்பறை இல்லையென்றால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஹைப்போதலாமஸ் வியர்க்கச் சொல்கிறது, மேஸ்திரி கழிப்பறை கட்டவில்லை. இதற்கு உடலியலில் தீர்வு கிடையாது.

இந்திய வானிலைத் துறையின் விதிப்படி சமவெளியில் 40 டிகிரி, கடற்கரையில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை. கடற்கரைக்கு மூன்று டிகிரி குறைத்து வைத்திருப்பதே, புழுக்கம் அந்தத் துறைக்குத் தெரிந்திருப்பதன் அடையாளம். 2023 முதல் ஈரப்பதத்தையும் சேர்த்த வெப்பக் குறியீட்டைச் சோதனை முறையில் வெளியிடுகிறார்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்லதுதான். ஆனால் 34 டிகிரிப் புழுக்க நாள் எந்த அறிவிப்பிலும் வெப்ப அலையாகாது. அன்று முந்திரி வறுக்கும் கொட்டகையில் ஒருவர் விழுந்தால் அது பேரிடர்க் கணக்கில் வருமா என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவில்லாத ஒன்று. வானிலை நிலையங்களில் வெள்ளை மரப்பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; ஒன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அந்த இரண்டாவது எண்ணையும் கோடைக் காலையில் வானொலியிலும் ஊராட்சிப் பலகையிலும் சொல்லட்டும். 28ஐத் தாண்டினால் நடுப்பகலில் கடும் வேலையை நிறுத்துவது என்று ஊரக வேலைத் திட்டத் தளங்களிலிருந்து தொடங்கலாம். 28 என்பது என் முன்மொழிவு. ஹால்டேனின் 31 சும்மா இருப்பவருக்கானது, மண்வெட்டி பிடிப்பவருக்கு அதற்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். எண் சரியா என்று இங்கே இருக்கும் விலங்கியல் மாணவர்கள் வரும் சித்திரையில் ஈரத்துணியும் வெப்பமானியும் எடுத்துக்கொண்டு கிள்ளைக்கும் நெய்வேலிக்கும் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.